நூறாம் பாட்டும் திரைச்சட்டகமும்: ‘அம்பிகாபதி’ (1937), ஓஷிமாவின் ‘ஆய் நோ கொரீடா’ (1976) ஆகிய படங்களை முன்வைத்து அகமரபு நோக்கில் ஒரு விளக்கம்

அம்பிகாபதியின் கதையைத் தமிழ் பயில்வோர் பெரும்பாலும் செவிவழியாகவே அறிந்திருப்பர். கம்பரின் மகன் சோழன் மகள் அமராவதியைக் காதலிக்கிறான். சிற்றின்பச் சாயல் படாமல் நூறு பாடல்களை அவையில் பாடினால் அவள் அவனுக்கு மனைவியாவாள். தவறினால் அவன் உயிர் போகும். கடவுள் வாழ்த்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட அமராவதி, நூறும் நிறைந்ததென்று எண்ணி முகம் காட்டுகிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதற்பாட்டுப் பிறக்கிறது. எண்ணிக்கையோ தொண்ணூற்றொன்பதில் நிற்கிறது.

நெய்வேலி நகரியத்தில், பல மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் கலந்திருந்த ஒரு வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது, “சங்கப்பாட்டில் இல்லாத எதை அவன் பாடிவிட்டான்?” என்று ஒரு மாணவி வினவினார். காமத்தைப் பாடுவதற்கென்றே ஒரு திணைமரபை வகுத்துக்கொண்ட மொழியில், ஒரு காமப்பாட்டுக்காக ஒருவன் உயிரிழக்கும் கதை ஏன் தோன்றிற்று என்பதே அவ்வினாவின் சாரம். அக்கதையைத் திரைக்குக் கொணர்ந்த தமிழ்ப் படம் ஒன்றையும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் எழுந்த ஒரு படத்தையும் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

டங்கனின் அம்பிகாபதி

1937ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘அம்பிகாபதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழறியாத அவர், 1936இல் ‘சதிலீலாவதி’யைத் தந்து தமிழ்த்திரையில் கால்கொண்டிருந்தார். எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும், எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும், செருகளத்தூர் சாமா கம்பராகவும் நடித்தனர். உரையாடலை எழுதியவர் இளங்கோவன். உரையாடல் ஆசிரியர் என்ற தகுதிக்கே தமிழ்த்திரையில் தனி மதிப்பு ஏற்பட்டது இப்படத்தால்தான் என்பது மிகையன்று.

இப்படத்தின் காதற்காட்சிகளில் காணப்படும் நெருக்கத்தையும், அவற்றில் படிந்துள்ள ‘ரோமியோ ஜூலியட்’ சாயலையும் திரை வரலாற்றாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். அதன்வழி, தமிழ்த்திரையில் சிருங்காரம் மேலைநாட்டு இறக்குமதி என்ற கருத்தும் வழக்கில் வந்துவிட்டது. காட்சியமைப்பைப் பொறுத்தவரை அது பொருந்தலாம். கதையின் நடுவில் நிற்கும் சிக்கலுக்கு அது பொருந்தாது. ஒரு பாட்டில் காமம் இருக்கிறதா இல்லையா என்று அவை கூடித் தீர்ப்பளிப்பதே இக்கதையின் உச்சம். வேறு சொல்லில் கூறின், இது தணிக்கையைப் பற்றிய கதை. 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ்ச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் இயங்கிய தணிக்கை வாரியங்களின் காலத்தில், இப்படியொரு கதை திரைக்கு வந்தது தற்செயலே ஆயினும் சிந்திக்கத்தக்கது.

ஓஷிமாவும் நீதிமன்றமும்

ஜப்பானியத் திரையில் காமப்படங்கள் 1960களிலேயே தனிவகையாக வளர்ந்துவிட்டன. 1971 முதல் நிக்கட்சு என்னும் பெரிய நிறுவனமே அவ்வகைப் படங்களைத் தொடர்ந்து தயாரித்தது. ஆயினும் நாகிசா ஓஷிமாவின் ‘ஆய் நோ கொரீடா’ அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்று. 1936ஆம் ஆண்டு மே மாதம், சடா அபே என்ற பெண் டோக்கியோவில் தன் காதலன் கிசிசோ இஷிதாவைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அவன் உறுப்பை அறுத்தெடுத்துச் சென்றாள். அவ்வுண்மை நிகழ்ச்சியே படத்தின் கரு. அனதோல் தோமான் என்ற பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் துணையோடு ஜப்பானில் படமெடுத்த ஓஷிமா, கழுவப்படாத படச்சுருளைப் பிரான்சுக்கு அனுப்பி அங்கேயே படத்தைத் தொகுத்தார். உடலுறவு பாவனையாக அன்றி மெய்யாகவே படமாக்கப்பட்டிருந்ததால், ஜப்பானுக்குள் அதைக் கழுவித் தொகுக்கச் சட்டம் இடந்தராது என்பதே காரணம். தாய்நாட்டில் அப்படம் வெட்டியும் மறைத்தும்தான் காட்டப்பட்டது.

நம் நோக்கில் முதன்மையானது இதன்பின் நடந்ததே. ஜப்பானில் வழக்குக்கு உள்ளானது படமன்று. திரைக்கதையையும் நிழற்படங்களையும் கொண்ட நூல்தான். ஓஷிமா 1979இல் விடுதலை பெற்றார். 1982இல் டோக்கியோ உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அம்பிகாபதியைப் போலவே அவரும் சொல்லுக்காகவே அவையில் நிறுத்தப்பட்டார் எனலாம்.

படத்தில் ஒரு காட்சி உண்டு. தெருவில் படைவீரர் அணிவகுத்து வருகின்றனர். கொடியசைத்து மக்கள் வாழ்த்துகின்றனர். கிசிசோ மட்டும் சுவரை ஒட்டி எதிர்த்திசையில் நடந்து போகிறான். காதலர் இருவரும் அறைக்குள் அடைந்துகிடக்கும் படத்தில் புறவுலகு முகங்காட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவே வலியது. அகமும் புறமும் ஒரே தெருவில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

வேம்பு தந்த விடை

மாணவியின் வினாவுக்கு மீள்வோம். அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரையறை. அதன் கடுமையை நெடுநல்வாடை பற்றிய உரைமரபு நன்கு காட்டும். தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரை அப்பாட்டு முழுமையும் சித்திரித்தாலும், வேலில் சூட்டிய வேம்பு பாண்டியனை அடையாளங்காட்டிவிடுகிறது என்பதால் நச்சினார்க்கினியர் அதனைப் புறமாகக் கொண்டார். ஒரு வேப்பந்தார் போதும், அகம் புறமாகிவிடுகிறது.

இவ்வளவுகோலால் நோக்கினால் அம்பிகாபதியின் பிழை காமத்தைப் பாடியதன்று. இன்னாள் என்று அவையோர் அறிந்த ஒருத்தியை, அவளும் அவள் தந்தையும் முன்னிருக்கப் பாடியதே பிழை. அவன் பெயராலேயே ‘அம்பிகாபதிக் கோவை’ என்ற அகப்பொருள் நூல் வழங்குவது இங்கு கருதத்தக்கது. கோவை இலக்கியத்தில் பாட்டுடைத் தலைவனுக்குப் பெயருண்டு. காதலிக்கும் கிளவித் தலைவனுக்குப் பெயரில்லை. அந்த வேலிக்குள் நின்று எத்தனை நூறு பாடினாலும் எந்த அவையும் தண்டிக்காது.

திரைப்படத்திற்கோ இந்த வேலியே இல்லை. கேமராவின்முன் பெயரற்ற தலைவி என்று ஒருத்தி இருக்க முடியாது, முகமே சுட்டுப்பெயராகிவிடுகிறது. இதனாற்போலும் நம் திரைப்படங்கள் தழுவலின் விளிம்பில் இரு மலர்களுக்கோ அணையும் விளக்குக்கோ தாவின. இதனை உள்ளுறையின் தொடர்ச்சி என்று பாராட்டும் கட்டுரைகளைக் காண்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளுறையில் வரும் கருப்பொருள் அந்நிலத்துக்கே உரியது. அத்தலைவியின் நிலையையே குறிப்பாற் பேசுவது. திரையில் உரசும் மலர்கள் எந்த நிலத்துக்கும் உரியவை அல்ல. முன்னது புலவன் தானே விரும்பி ஏற்ற கட்டுப்பாடு. பின்னது கத்தரிக்கு அஞ்சிய ஒதுக்கம். டங்கனே 1950இல் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைப் படமாக்கினார். படத்தின் பெயர் ‘பொன்முடி’ ஆயிற்று. தலைப்பில் முத்தம் இடம்பெறவில்லை. ஆயினும் அதன் காதற்காட்சிகளுக்கு அக்காலத்தில் கண்டனம் எழுந்தது.

பெயர் சுட்டாமை என்னும் விதியை வெறும் இலக்கண ஒழுங்காகக் கொள்வது குறைபார்வை. அகப்பாட்டில் தலைவியைச் சூழும் அலர் பாட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ஊரார் தூற்றினாலும் தூற்றப்படுபவள் யாரென்று கேட்போர் அறியார். திரையில் அலர் பாத்திரத்தைக் கடந்து நடித்தவளைச் சென்றடைகிறது. ஓஷிமாவின் படத்தில் கிசிசோவாக நடித்த ததுசுயா ஃபூஜி, 1978இல் அவருடைய அடுத்த படத்திலும் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். அதன்பின்னும் பல்லாண்டுகள் நடித்துவந்தார். சடாவாக நடித்த எய்கோ மட்சுதாவின் திரைவாழ்வு சில ஆண்டுகளிலேயே முடிந்துபோயிற்று.