கல்லறை வழியாக ஒரு பிறப்பு

மறுபடியும் பிறக்க வேண்டும் என்று கேட்டதும் தாயின் வயிற்றை நினைத்துத் திகைத்தவர் நிக்கொதேமு. யோவான் சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில் அவருக்குக் கிடைக்கும் பதில் தண்ணீரிலும் ஆவியிலும் தொடங்கி, வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தில், அதாவது சிலுவையில், போய் நிற்கிறது. பிறப்பைப் பற்றிக் கேட்டவரிடம் இயேசு தம் மரணத்தைப் பற்றிப் பேசுகிறார். 19ஆம் அதிகாரத்தில் அதே நிக்கொதேமு ஏறக்குறைய 100 இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டுவந்து இயேசுவை அடக்கம் செய்கிறார். இன்றைய அளவில் 30 கிலோவுக்கும் மேல். அரசர்களின் அடக்கத்துக்கு ஒத்த அளவு. இயேசுவைத் தேடி வந்த அந்த இரவில் அவர் கேட்டதற்கு முழு விடை அந்தக் கல்லறையில்தான் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். வேதம் சொல்லும் மறுபிறப்பு, கிறிஸ்துவின் சாவுக்குள் புகுந்து அவரோடு எழுவது.

ஞானஸ்நானத்துக்கு முன்னடையாளமாகப் புதிய ஏற்பாடு காட்டும் தண்ணீர்களும் இதையே சொல்கின்றன. பேதுருவின் முதல் நிருபம் நோவாவின் வெள்ளத்தைக் காட்டுகிறது. பவுல் கொரிந்தியருக்குச் செங்கடலை நினைவூட்டுகிறார். இரண்டும் ஆளை விழுங்கிய தண்ணீர். பேழையில் 8 பேர் பிழைத்தபோது ஓர் உலகமே மூழ்கிப்போனது. தாம் பேசுவது உடம்பின் அழுக்கை நீக்குவதைப் பற்றியல்ல என்று பேதுருவே தெளிவாக்கிவிடுகிறார். ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல், ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டவன் என்கிறார். 4ஆம் நூற்றாண்டின் எருசலேம் சபையில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு நடந்த போதனையோ அந்தத் தண்ணீரைக் கல்லறையாகவும் தாயாகவும் ஒருசேரக் கண்டது. நிக்கொதேமு நினைத்த வயிறு அங்கே கல்லறைக்குள் வந்து சேர்கிறது.

தீத்துவுக்கு எழுதிய நிருபம் மறுஜென்ம முழுக்கு என்று கழுவுதலைத்தானே சொல்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யூதர்களின் சுத்திகரிப்புக் குளியலும் அதன் பின்னணியில் இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அழுக்கு மறுபடி மறுபடி சேரும். அந்தக் குளியலும் மறுபடி மறுபடி தேவைப்பட்டது. ஞானஸ்நானமோ ஒரே முறைதான். கழுவுவது மட்டுமே அதன் பொருள் என்றால் இந்த ஒரே முறைக்குக் காரணம் சொல்வது கடினம். கிறிஸ்து ஒரே தரம் மரித்தார் என்று பவுல் அழுத்திச் சொல்வதில்தான் அந்தக் காரணம் இருக்கிறது.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. பழைய மனிதன் செத்துவிட்டான் என்றால், ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் பழைய கோபமும் பேராசையும் சாதிப் பெருமையும் எப்படி உயிரோடு இருக்கின்றன? பவுலுக்கு இது தெரியாததல்ல. பாவத்துக்கு மரித்தீர்கள் என்று எழுதிய அதே அதிகாரத்தில், அப்படி மரித்தவர்களாகவே உங்களை எண்ணிக்கொள்ளுங்கள், பாவம் உங்களை ஆள விடாதீர்கள் என்றும் கட்டளையிடுகிறார். முடிந்துபோன சாவுக்கு ஏற்றபடி வாழும் வேலை அன்றாடம் மிச்சமிருக்கிறது. அந்தக் கட்டளையை அவர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு எழுதவில்லை. ஏற்கெனவே அதைப் பெற்றிருந்த ரோமாபுரி விசுவாசிகளுக்கே எழுதினார்.