மரத்தடியில் தொடங்கிய போட்டி

பொங்கல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கரும்பும் மஞ்சள் கொத்தும். தென்மாவட்டத்து நண்பர்களுக்குக் கூடுதலாக ஏறுதழுவல். சென்னை நகரத்தாருக்கோ ஒரு காலத்தில் பொங்கலோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதிய கிரிக்கெட் ஆட்டமே அது. ஏடுகளில் அதற்கு மாகாணப் போட்டி என்று பெயர். மக்கள் வைத்த பெயர் 'பொங்கல் மேட்ச்'. 1915-16 பருவம் முதல் 1951-52 வரை நடந்த இப்போட்டியின் வேர், அதற்கும் ஒரு தலைமுறை முந்தியது. ஒரு மரத்தடியில் இருக்கிறது அந்த வேர்.

சென்னை கிரிக்கெட் கிளப்பை 1846ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற ஆங்கில அதிகாரி தொடங்கினார். (சுருக்கமாக எம்.சி.சி. என்பார்கள். நம்மில் பலர் உடனே தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியை எண்ணிக்கொள்வோம். அது வேறு, இது வேறு.) வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அக்கிளப்பின் கையில்தான் சேப்பாக்கம் இருந்தது. இந்தியர் அங்கே ஆடவே கூடாது என்பதில்லை. ஆடலாம், ஆனால் பெவிலியனுக்குள் காலடி வைக்கக் கூடாது. வெள்ளையர் உள்ளே அமர்ந்து உண்ண, எதிர்த்து ஆடும் இந்தியர் மரத்தடியில் உடை மாற்றி, மரத்தடியிலேயே பகலுணவு கொள்ள வேண்டும்.

நம் கல்லூரி அணியும் வேப்பமர நிழலில்தான் பொட்டலம் பிரிக்கிறது. அதில் நமக்கு யாதொரு வருத்தமும் இல்லை. வரும் எதிரணியும் நம்மோடு அதே நிழலில்தானே அமர்கிறது! ஒரே ஆட்டத்தில் ஒருவருக்குக் கூடமும் மற்றவருக்கு மரமும் என்னும்போதுதான் சோறு தொண்டையில் இறங்க மறுக்கும்.

அப்படி மறுத்தவர் புச்சிபாபு நாயுடு. 1868இல் பிறந்த இவர் இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆங்கில வணிக நிறுவனத்தில் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த தாய்வழிப் பாட்டனார் வீட்டில், மயிலாப்பூர் லஸ் பகுதியில் வளர்ந்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவ்வீட்டில் ஆங்கிலச் செவிலியர் இருந்தனர். மாலை வேளைகளில் அவர்கள் சிறுவனைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்று துரைமார் ஆடுவதைக் காட்டினர். வெள்ளையர் ஆட்டத்தை வெள்ளையரே கற்பித்து அனுப்பியது போலாயிற்று!

வளர்ந்து ஆளானபின் அவர் மனு எழுதவில்லை. ஆட்டத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. 1888ஆம் ஆண்டில் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற இந்தியர் சங்கத்தைத் தொடங்கினார். எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு ஆடுகளம் அமைந்தது. மட்டை, பந்து, கால்காப்பு, வெள்ளை உடை யாவும் சொந்தச் செலவிலேயே வாங்கித் தந்தார். ஆடத் தெரிந்தும் வசதியில்லாத இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். அதன்பின் எம்.சி.சி.யாரிடம், எங்களோடு சமமாக ஆடுங்கள் என்றார். எதிரியை வெறுப்பதைவிட எதிரிக்கு நிகராக ஆவது கடினமான வேலை. அதைத்தான் அவர் தேர்ந்துகொண்டார்.

எதிரணி எளிதானதன்று. கம்பெனி அதிகாரிகளும் படை அதிகாரிகளும் அதில் இருந்தனர். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முறையாகப் பயின்றுவிட்டுக் கப்பலேறியவர்கள் பலர். நம்மவர்க்கோ பயிற்சியாளரே கிடையாது. எதிரியைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1908 டிசம்பரில் இந்தியர்–ஐரோப்பியர் மாகாணப் போட்டிக்கு ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்குச் சில நாள்களே இருக்கும்போது புச்சிபாபு காலமானார். நாற்பது வயது! ஆட்டம் நிறுத்தப்படவில்லை, அவர் நினைவாகவே நடந்தது. 1915க்குப் பின் அது பொங்கல் காலத்துக்குரியதாக நிலைத்தது. அவருடைய மைந்தர்கள் பாலையா, பட், இராமசாமி மூவரும் இந்தியர் அணிக்கு ஆடினர். இவர்களுள் சி. இராமசாமி டேவிஸ் கோப்பை டென்னிசிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல், நாற்பதாம் வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 ஓட்டங்கள் எடுத்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பம்பாயிலும் இதுபோன்ற போட்டி இருந்தது, நம்முடையதைவிடப் புகழ்பெற்றதும்கூட. ஆனால் அங்கே பார்சிகள் ஓரணி, இந்துக்கள் ஓரணி, முஸ்லிம்கள் ஓரணி எனச் சமயவாரியாகப் பிரிந்து நின்றனர். 1940இல் காந்தியடிகளே அதனை எதிர்த்துக் கருத்துரைத்தார். சென்னையில் அந்தப் பிரிவு புகவில்லை. 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் எல்லாரும் ஆடினர். அமிர்தசரசிலிருந்து வந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்ட சீக்கியர் ஏ.ஜி. ராம்சிங் ஆடினார், நாகபுரியில் பிறந்த சி.கே. நாயுடுவும் ஆடினார். பம்பாய்ப் போட்டிக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இதற்குக் கிடைக்காதது எனக்கு இன்றும் குறைதான்.

ஆண்டுதோறும் மோதியவர்களுக்கிடையே வேறோர் உறவும் வளர்ந்தது. ஐரோப்பியர் அணியின் சி.பி. ஜான்ஸ்டன், கேம்பிரிட்ஜிலும் கென்ட் அணியிலும் ஆடியவர். இங்கே பர்மா ஷெல் கம்பெனியில் பணியாற்றினார். திருவல்லிக்கேணி கிளப்பின் எம்.ஜே. கோபாலன் பந்து வீசுவதைக் கண்ட அவர், தம் கம்பெனியிலேயே கோபாலனுக்கு வேலை வாங்கித் தந்தார். பொங்கல் மேட்ச்சில் இருவரும் எதிரெதிர் அணி! 1934 நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக நடந்தது. சென்னை அணித்தலைவர் ஜான்ஸ்டன். கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 என்று சுருண்டது. சென்னை எடுத்தது 130. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. வெள்ளையர் தயவால் நாம் வளர்ந்தோம் என்று இதைக் கொண்டு வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கோபாலனைப் போன்றவர் தோன்றுவதற்குரிய சங்கங்களை நம்மவர் முன்பே கட்டியிருந்தனர். கண்டுகொள்ளும் கண் அவருக்கு இருந்தது, அவ்வளவே.

1947க்குப் பின் ஐரோப்பியர் ஒவ்வொருவராகக் கப்பலேற, அவர்கள் அணிக்கு ஆள் குறைந்தது. 1951-52 பருவத்தோடு மாகாணப் போட்டி முடிவுற்றது. அதே பருவத்தில், 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எதிரணி இங்கிலாந்து! விஜய் ஹசாரே தலைமையில் ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வித்தியாசம். வினு மன்கட்டுக்குப் பன்னிரண்டு விக்கெட்டுகள். மரத்தடியில் உண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த பருவத்திலிருந்து, கோபாலன் பெயரிலான கோப்பைக்குச் சென்னையும் இலங்கையும் மோதலாயின. சேப்பாக்கம் இன்று எம்.ஏ. சிதம்பரம் பெயர் தாங்கி நிற்கிறது. புச்சிபாபு நினைவுப் போட்டி சில ஆண்டுகள் நின்றுபோய், 2023இல் மீண்டும் தொடங்கியது. 2024இல் அது சென்னையோடு நிற்கவில்லை. நத்தத்திலும் திருநெல்வேலியிலும் பிற மாநில அணிகள் வந்து ஆடின.