எப்படி இயங்குகிறது? அடிபட்ட முதுகும் இட்லிப் பானையும்

கால்பந்து ஆடுகிற பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வதென்று நெய்வேலியில் எல்லோருக்கும் தெரியும். ஐஸ் வைப்பார்கள், கட்டுப் போடுவார்கள், எக்ஸ்ரே எடுக்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதே பையன் இடுப்பில் கையை ஊன்றி "பிடிச்சிருக்கு" என்றால் கதை வேறு. தைலத்தைத் தேய், ரெண்டு நாள் படு, சரியாகிவிடும் என்பார்கள். ரெண்டு நாளில் வலியும் அடங்கிவிடும். மூன்றாம் நாள் பாரதி விளையாட்டரங்கத்துப் பக்கம் போனால் அவன் பந்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருப்பான். அந்த மூன்றாம் நாள்தான் எனக்குக் கவலை. வலி போவதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்று புரிய முதுகுக்குள் ரத்தம் எங்கே போகிறது, எங்கே போகாமல் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நம் வீட்டு இட்லிப் பானை போதும்.

பானையைத் திறந்து பாருங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. அதற்கு மேலே ஓட்டை போட்ட தட்டு. தட்டின் குழியில் மாவு. அடியில் கொதிக்கும் தண்ணீர் இட்லியைத் தொடுவதில்லை. ஓட்டை வழியாக ஏறும் ஆவிதான் அதை வேகவைக்கிறது. ஓரம் முதலில் வேகும், நடு கடைசியில்தான் வேகும். மேலே பார்த்தால் வெள்ளையாக உப்பியிருக்கும்; கரண்டிக் காம்பை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டிக்கொண்டு வரும்.

முதுகெலும்பும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புக் கட்டைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ரத்தம் நிறைய ஓடுகிறது. அதுதான் அடியில் கொதிக்கும் தண்ணீர். இரண்டு கட்டைகளுக்கு நடுவே டிஸ்க், நம் பேச்சில் ஜவ்வு; அதுதான் இட்லி. கட்டைக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் ஒரு குருத்தெலும்புத் தகடு இருக்கிறது. அதுதான் ஓட்டைத் தட்டு. ரத்தக்குழாய்கள் அந்தத் தகட்டோடு நின்றுவிடும். வளர்ந்த மனிதனின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாயே கிடையாது, வெளி ஓரத்தில் கொஞ்சம் தவிர. உடம்பில் ரத்த ஓட்டம் இல்லாத திசுக்களில் இதுதான் மிகப் பெரியது. உள்ளே இருக்கும் செல்கள் தகடு வழியாகக் கசிந்து வரும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் வைத்துத்தான் உயிர் வாழ்கின்றன.

இந்தக் கசிவை உயிருள்ள மனிதர்களிடம் படமெடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம்மூர்க்காரர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன். அவரும் குழுவினரும் ரத்தத்தில் ஒரு சாய மருந்தைச் செலுத்தி, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே போனார்கள். எலும்புக் கட்டையில் மருந்து உடனே தெரிந்தது. டிஸ்கின் நடுப்பகுதியை அது எட்டப் பல மணி நேரம் பிடித்தது. தகடு சேதமான இடங்களில் இந்தப் போக்கே மாறியிருந்தது. 2004இல் வந்த அந்த ஆய்வுக்கு உலக இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. முதுகைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் இந்தப் பெயரை இன்னும் நிறையப் பேர் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆக, ஆட்டக்காரர் எப்போது திரும்புவார் என்று கேட்பதற்கு முன் பானையில் எது உடைந்தது என்று கேட்க வேண்டும்.

2014 ஜூலை 4. பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் உலகக் கோப்பைக் கால் இறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கொலம்பியாவின் சூனிகா பின்னாலிருந்து எகிறி வர, அவர் முழங்கால் பிரேசில் நட்சத்திரம் நெய்மாரின் முதுகில் இறங்கியது. மூன்றாவது இடுப்பெலும்பில் முறிவு. நாலு நாள் கழித்து ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கியபோது நெய்மார் களத்தில் இல்லை. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டிருந்தால் சக்கர நாற்காலியில் இருந்திருப்பேன் என்று அவரே கண்கலங்கிச் சொன்னார். ஆனால் ஆகஸ்ட் 18 அன்று, ஆறு வாரம் கடந்த நிலையில், பார்சிலோனாவுக்காக மறுபடி இறங்கி இரண்டு கோல் அடித்தார்.

முதுகெலும்பு முறிந்தவர் ஆறு வாரத்தில் எப்படித் திரும்பினார்? முறிந்தது கட்டையின் பக்கவாட்டில் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. தசைகள் பற்றிக்கொள்ளும் இடம் அது; உடல் பாரத்தைத் தாங்கும் இடம் அல்ல. பானையின் காது உடைந்தது, அவ்வளவுதான். பானை உடையவில்லை, தட்டு சாயவில்லை, இட்லி கெடவில்லை. எலும்பில் ரத்த ஓட்டம் தாராளம் என்பதால் ஓய்வும் இடுப்புப் பட்டையும் போதுமாக இருந்தன, அறுவை தேவைப்படவில்லை. வலி என்னவோ பயங்கரமானதுதான். முதுகில் வலியின் அளவும் சேதத்தின் அளவும் பல சமயம் ஒத்துப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரானது, சத்தமில்லாமல் வரும் விரிசல். கட்டையின் பின்பக்கம் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. தட்டுகளை நிமிர்த்தி நிறுத்தும் நடுக்கம்பியின் வேலை அதற்கு. பந்தை ஓங்கி உதைக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு பின்னால் வளைந்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முழுதும் இந்தப் பாலத்தில் விழுகிறது. எலும்பு இன்னும் முற்றாத பதினைந்து, பதினாறு வயதில், ஓய்வு நாளே இல்லாமல் இப்படி உதைத்துக்கொண்டிருந்தால் பாலத்தில் கீறல் விழும். பெரும்பாலும் ஐந்தாவது, அதாவது கடைசி இடுப்பெலும்பில். ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், எம்ஆர்ஐயில்தான் அகப்படும். பின்னால் வளைந்தால் வலிக்கும், முன்னால் குனிந்தால் சுகமாக இருக்கும். தைலம் தேய்த்து அனுப்பப்படும் பையன்களில் எத்தனை பேருக்கு இது இருக்குமோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

இந்தக் கீறலிலிருந்து திரும்பியவர் ஒருவருக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லி. கால்பந்துக்காரர் இல்லை, ஆனால் வளைந்து முறுக்கும் வேலை அதேதான். 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் இடுப்பெலும்புகளில் கீறல் கண்டது. வாரக்கணக்கில் உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் கட்டு. அதன்பின் ஃபிராங்க் பைக் என்ற உடற்பயிற்சி அறிவியலாளர் வகுத்த பயிற்சியை விடாமல் செய்து, 1974 கடைசியில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பினார். 1987இல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து மையம் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்தவர் இவர்தான். முதுகு முறிந்து மீண்டவரிடம் நம் பையன்கள் பந்துவீசக் கற்றார்கள்.

இனி டிஸ்க். இதுதான் பானையில் கடினமான இடம். டிஸ்கின் நடுவில் நீர் நிறைந்த கூழ், சுற்றிலும் பல அடுக்கு நார். நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலுக்கு மின்சாரம் இறங்குவதுபோல வலிக்கும். இதில் பலரும் நம்ப மறுக்கும் உண்மை ஒன்று: கொஞ்சமாகப் பிதுங்கிய டிஸ்கைவிட முழுதாகப் பிய்ந்து வெளியே விழுந்த துண்டு கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம். குழிக்குள் இருக்கும் மாவு அப்படியே இருக்கும். சிந்தித் தண்ணீரில் விழுந்த மாவு கரையும். வெளியே வந்த துண்டு ரத்த ஓட்டத்தைச் சந்திக்கிறது. ரத்தத்திலிருந்து வரும் செல்கள் அதைத் தின்றுவிடுகின்றன. எம்ஆர்ஐ படத்தில் பெரிய துண்டைப் பார்த்ததும் வாழ்க்கையே முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பல பேருக்கு அறுவையே இல்லாமல் அடங்குகிறது. அறுவை செய்தாலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்புகிறார்கள்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தானாகப் போவது, மலம் அடங்காமை, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரி.

துண்டு கரைந்துவிட்டது, கால் வலி போய்விட்டது. கிழிந்த நார்? அது ஆவியை நம்பியிருக்கும் இடம். டிஸ்கின் கொலாஜன் இழைகள் புதுப்பிக்கப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும். வலி அடங்குவது ஓரம் வெந்ததைத்தான் காட்டும். அடுப்பைத் தூண்டிவிட்டால் நடு சீக்கிரம் வெந்துவிடாது. புகைபிடிப்பவரின் கதை இன்னும் மோசம்: தகட்டை ஒட்டிய நுண்குழாய்கள் சுருங்குவதால் வருகிற ஆவியும் குறைந்துபோகும்.

ஆனால் ஓரிடத்தில் பானையை ஒதுக்கி வைக்க வேண்டும். வேகும் இட்லியை அசைக்கக் கூடாது. டிஸ்கையோ அசைத்தே ஆக வேண்டும். பாரம் ஏறும்போது டிஸ்கிலிருந்து நீர் வெளியேறும், பாரம் இறங்கும்போது நீர் உள்ளே வரும். அந்தப் போக்குவரத்து நின்றால் ஊட்டமும் சுருங்கும். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோவின் குழு, நரம்புப் பாதிப்பு இல்லாத 203 முதுகுவலிக்காரர்களில் பாதிப்பேரை இரண்டு நாளும் மீதிப்பேரை ஏழு நாளும் படுக்கச் சொன்னது. குறைவாகப் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் வேலையில் இழந்த நாள்கள் 45 சதவீதம் குறைவு. குணமாவதில் குறை ஒன்றும் இல்லை. முறிவுக்கு ஓய்வு தேவை, அது வேறு. மற்ற முதுகுவலிக்கு மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பது சிகிச்சையே அல்ல.

தசையின் கதையையும் சொல்லியாக வேண்டும். குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில், நடு எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். எலும்புக்கு எலும்பு பிடித்து நிற்கும் பன்முகத் தசை அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கெட்டியாகவும் வலி வந்த பக்கம் தொளதொளவென்றும் இருப்பதைச் சில சமயம் விரலே சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவின் ஜூலி ஹைட்ஸ் இதை அல்ட்ராசவுண்டில் அளந்தார். முதல் முறை முதுகு பிடித்தவர்களிடம் வலி போன பிறகும் இந்தத் தசை தானாக மீளவில்லை என்று 1996இல் எழுதினார். 39 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தத் தசைக்கென்று பயிற்சி செய்தவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி வலி வந்தது 30 சதவீதம் பேருக்கு. செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், மூன்றாம் நாள் கிரவுண்டுக்கு ஓடும் பையனுக்கு நான் காட்ட விரும்பும் கணக்கு இது.

பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. நாலு காலில் நிற்பதுபோல் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, மூச்சைப் பிடிக்காமல் பத்து எண்ணும்வரை நிற்பது, பிறகு மறுபக்கம். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கணக்கில் சேராது. இரண்டு வாரத்தில் சலிப்பு வரும். தொழில்முறை வீரருக்குப் பக்கத்தில் பிசியோ நின்று எண்ணுகிறார், நம் பையனுக்கு யாரும் எண்ணுவதில்லை. பெரிய வித்தியாசம் அதுதான். நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆடினார்கள். அவர்களைப் பார்த்து இறங்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்களுக்காக எண்ண ஒரு ஆள் வேண்டும். அம்மா எண்ணினாலும் போதும். நெய்வேலிச் சுரங்கத்தில் நாளெல்லாம் கனரக வண்டியின் அதிர்வில் உட்கார்ந்து வரும் அப்பா கூடவே செய்தால் அவர் இடுப்புக்கும் நல்லது.

திரும்பும் வரிசையையும் மாற்றக் கூடாது. நடை, நேர் ஓட்டம், குட்டைப் பாஸ், வெட்டித் திரும்பும் ஓட்டம், நீள உதை, கடைசியில்தான் தலையால் முட்டி இடித்து ஆடுவது. ஒரு படியில் வலி தலைகாட்டினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். உலகத்தரமான கவனிப்பு இருந்தும் இந்தியக் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கு 2019இல் வந்த முதுகுக் கீறல் 2022இல் திரும்ப வந்தது. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை, ஆகஸ்டில் அயர்லாந்தில் மறுவருகை. 2025 ஜனவரியில் சிட்னியில் முதுகு மறுபடி மடக்கியது.

நம் கிரவுண்டுகளில் நாளைக்கே மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. இரவு முழுதும் படுத்திருப்பதால் டிஸ்க் நீர் குடித்து உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரம். அந்த நேரத்தில் குனிந்தால் நாரில் இழுவிசை அதிகம். விடிகாலையில் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட முதுகுவலி குறைகிறது என்று 1998இல் ஸ்டோவர் ஸ்னூக்கின் ஆய்வு காட்டியது. இங்கே காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து முதல் வேலையாகக் கால் விரலைத் தொடச் சொல்கிறோம். அதைப் பயிற்சியின் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் மைதானத்தைச் சுற்றி நடக்கவும் மெல்ல ஓடவும் விடலாம்.