காயத்தைக் காயவிடலாமா?

சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "மூடாதே, காத்தாட விடு, தானா காஞ்சிடும்!" இரண்டு நாளில் கறுப்பாகப் பொருக்குத் தட்டும். அதை நகத்தால் நோண்டிப் பார்க்காத பிள்ளை உண்டா?

1962-இல் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார். பன்றியின் தோல் நம் தோலைப் போன்றது என்பதால், பன்றிகளின் உடலில் சின்னச் சின்னக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தே விட்டார். சிலவற்றை பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்துவிட்டது!

காரணம் இதுதான். காயத்தின் ஓரத்திலிருந்து தோல் செல்கள் மெல்ல ஊர்ந்து வந்துதான் பள்ளத்தை மூடுகின்றன. அவற்றுக்கு ஈரம் வேண்டும். மேலே காய்ந்த பொருக்கு இருந்தால், அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கி, வழி குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமான காயத்தில் நேராகவே போய்விடலாம்.

சரி, ஈரத்தை எப்படிக் காயத்தின் மேலேயே நிறுத்திவைப்பது? ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஒரு உறை உருவாகும். அந்த உறை ஒரு ஹைட்ரோஜெல். நீண்ட இழை மூலக்கூறுகள் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு, நடுவே தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. மருத்துவமனையில் காயத்துக்குப் போடும் ஜெல் பட்டைகள் சிலவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வரை வெறும் தண்ணீர்!

செயற்கை ஹைட்ரோஜெல்லை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிராக் நகரத்து ஓட்டோ விக்டெர்லே. 1961-இல் பிள்ளைகளின் 'மெர்குர்' பொம்மைத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு இயந்திரம் செய்து, ஹைட்ரோஜெல்லில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வார்த்தார் மனிதர். பொம்மையைக் கேட்டு அடம்பிடிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது!

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் காயத்துக்கான ஜெல் பட்டை செய்ய வேறொரு வழி. பாலிவினைல் ஆல்கஹால் கரைசல்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சுகிறார்கள். இழைகளுக்கு இடையே முடிச்சு விழுகிறது. அதே கதிர்வீச்சில் கிருமிகளும் செத்துப்போகின்றன. (சப்ஜாவை அரைத்து முட்டியில் அப்பிவிடாதீர்கள். அதில் யாரும் கிருமியைக் கொல்லவில்லை!)

தீக்காயத்தில் இந்தப் பட்டையை வைத்தால் நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் ஜில்லென்று இருக்கும். பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளாது; பிரிக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து உரியாது. ஒளி ஊடுருவுவதால், பிரிக்காமலேயே டாக்டர் உள்ளே பார்த்துவிடலாம்.

ஆனால், நீர் நிறையக் கசியும் புண்ணுக்கு இது சரிப்படாது. ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருக்கும் ஜெல் இன்னும் எவ்வளவுதான் குடிக்கும்? அப்படிப்பட்ட புண்ணுக்குப் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பட்டையை வைப்பார்கள். வைக்கும்போது அது காய்ந்த நாராக இருக்கும். புண்ணின் நீரை உறிஞ்ச உறிஞ்ச, அங்கேயே ஜெல்லாக மாறிவிடும்.