கருவிகள் முகவரி பெறும் முறை

இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி ஒன்று வேண்டும். இதனை ஐ.பி. முகவரி என்பர். பெருவழக்காயுள்ள நான்காம் பதிப்பின்படி, அது 192.168.1.20 என்பதுபோல் நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். கைப்பேசி வைத்திருப்போர் இவ்வெண்ணைத் தம் கையால் எழுதுவதில்லை. பின், அஃது எங்கிருந்து வருகிறது? முகவரி இல்லாத கருவி கேட்டால், மறுமொழி எங்குச் சென்று சேரும்? இதுவே ஈண்டு ஆராய்தற்குரியது.

1985இல் வகுக்கப்பட்ட பூட்பி என்னும் முறையில், எக்கருவிக்கு எம்முகவரி என்று ஒருவர் முன்னரே பட்டியல் எழுதி வைத்தல் வேண்டும். கருவிகள் பெருகவே அது போதாதாயிற்று. 1993இல் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை தோன்றியது; இன்று வழங்கும் அதன் அடிப்படை வடிவம் 1997இல் வெளியாயிற்று.

இந்நெறிமுறை நான்கு படிகளை உடையது. முதற்கண், புதிய கருவி, "முகவரி தருவார் உளரோ?" என்று அவ்வலையில் உள்ள அனைவரையும் பொதுவாக அழைக்கிறது. அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் இடுகிறது. முன்னது, "எனக்கு இன்னும் முகவரி இல்லை" எனவும், பின்னது, "அனைவர்க்கும்" எனவும் பொருள்படும். தன்னை இன்னதென்று காட்டத் தன் வன்பொருள் எண்ணையும் உடன் சேர்க்கிறது. மறுமொழி அதனை வந்தடைவது இவ்வெண்ணின் துணையாலேயாம். இரண்டாவதாக, முகவரி வழங்கும் கணினி ஒன்றைத் தர முன்வருகிறது. வீடுகளில் இப்பணியைச் செய்வது ரூட்டரே. மூன்றாவதாக, கருவி தான் ஏற்ற முகவரி இன்னதென்று மீண்டும் அனைவரும் அறியக் கூறுகிறது. ஏன் அனைவரும் அறிதல் வேண்டும்? இரு வழங்கிகள் முன்வந்திருக்கலாம்; ஏற்கப்படாதது தன் முகவரியை மீட்டுக்கொள்ள வேண்டுமன்றோ? நான்காவதாக, வழங்கி உறுதி கூறுகிறது.

இவ்வாறு பெற்ற முகவரி கொடையன்று, குத்தகையே. காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். விடை வாராதாயின், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எவ்வழங்கியேனும் நீட்டித்துத் தருமோ என அனைவரையும் வினவும். காலம் முடியின் முகவரியை விட்டுவிடல் வேண்டும். அது பிறிதொரு கருவிக்குப் பயன்படும். சில நூறு முகவரிகளே உடைய நூலகம், நாள்தோறும் வந்துசெல்லும் பலர்க்கும் இடமளிப்பது இதனாலேயாம்.

குறையும் ஒன்றுண்டு. முன்வரும் வழங்கி மெய்யோ பொய்யோ எனக் கருவி பொதுவாக ஆராய்வதில்லை. வெளியுலகிற்குச் செல்லும் வாயில் எது என்பதையும் வழங்கியே சொல்லுவதால், தீயோன் ஒருவன் வைத்த போலி வழங்கி நம் செய்திகளைத் தன் வழியே திருப்பிவிட இயலும். பொதுவிடங்களில் விழிப்பு வேண்டுவது இதுபற்றியே.

ஆசிரியர்க்குப் பயன்படும் குறிப்பு ஒன்று: வகுப்பறைக் கணினி 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் காட்டுமாயின், அது அழைத்தும் வழங்கி விடையளிக்கவில்லை என்றும், தானே ஒரு முகவரியை இட்டுக்கொண்டது என்றும் அறியலாம். அந்நிலையில் முதலில் நோக்க வேண்டியது ரூட்டரையும் இணைப்பையுமே.