சாதன மரத்தில் ஃபிளாஷ் நினைவகப் பகுப்பு: ஒரு விளக்கம்

முன்னுரை

கணினியின் வன்தட்டில் பகுதிகளின் அட்டவணை அத்தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். இணையத் திசைவி போன்ற உட்பொதி கருவிகளில் உள்ள நார் வகை ஃபிளாஷ் நினைவகத்தில் பெரும்பாலும் அத்தகைய அட்டவணை இருப்பதில்லை. எம்முகவரியில் எது உள்ளது என்பதை இயங்குதளத்திற்கு வெளியிலிருந்தே அறிவிக்க வேண்டும். லினக்ஸில் இப்பணியைப் பரவலாகச் செய்வது ‘டிவைஸ் ட்ரீ’ எனப்படும் சாதன மரமாகும். அதில் நேரும் பிழை கருவிக்கு எவ்வாறு மீளா இழப்பாகலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பகுதிகளின் விவரிப்பு

1994ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1275 தரநிலையான ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து சாதன மரம் தோன்றியது. இதில் வன்பொருள் உறுப்புகள் கணுக்களாகவும் அவற்றின் இயல்புகள் பண்புகளாகவும் எழுதப்படுகின்றன. ஃபிளாஷ் கணுவின்கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணைக்கணு அமையும். அதன் ‘ரெக்’ பண்பு தொடக்க முகவரியையும் நீளத்தையும், ‘லேபிள்’ பண்பு பெயரையும் தருகின்றன. ‘ரீட்-ஒன்லி’ பண்பு எழுதுதலைத் தடுக்கிறது.

எடுத்துக்காட்டாக, 16 மெபிபைட் நினைவகம் ஒன்றைக் கொள்ளலாம். முதல் 256 கிபிபைட் தொடக்க நிரலுக்கும், அடுத்த 64 அமைவுகளுக்கும், அதையடுத்த 64 வானலை அளவுத்திருத்தத் தரவுக்கும், எஞ்சிய 16,000 கிபிபைட் இயங்குதளத்திற்கும் ஒதுக்கப்படுகின்றன.

அழிப்புத் தொகுதியும் எல்லையும்

நார் ஃபிளாஷில் எழுதும்போது 1 என்னும் பிட்டை 0 ஆக்கலாம். மீண்டும் 1 ஆக்க ஒரு தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். தொகுதியின் அளவு பொதுவாக 64 அல்லது 4 கிபிபைட். ஆகவே பகுதியின் எல்லை தொகுதியின் எல்லையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் லினக்ஸ் கெர்னல் எச்சரிக்கை விடுத்து, அப்பகுதியைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்கிவிடும்.

எல்லை பொருந்தியும் முகவரி பிழைபட்டால் எச்சரிக்கை ஏதும் எழாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இயங்குதளப் பகுதி 384க்கு மாறாக 320 கிபிபைட்டில் தொடங்குவதாகவும், அளவுத்திருத்தப் பகுதி விடுபட்டதாகவும் கொள்வோம். மேம்படுத்தலின்போது அளவுத்திருத்தத் தரவு அழிந்துவிடும். அத்தரவு தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அளந்து பதியப்படுவது; முன்னரே படியெடுத்து வைக்கப்படவில்லையெனில், வேறொரு கருவியின் தரவு அதற்கு முழுமையாக ஈடாகாது.

தரவைச் சுட்டும் முறை

மேக் முகவரி போன்ற சிறு தரவுகளை ‘என்விமெம்’ அறைகளாக வரையறுக்கலாம். 6 பைட் நீளமுள்ள அறையை ஈத்தர்நெட் கணு பெயரால் சுட்டும். இயக்கி நிரலில் முகவரியை எழுத வேண்டுவதில்லை.

முடிவுரை

பகுப்பை நினைவகம் தானே அறியாது. சாதன மரம் கூறுவதையே கெர்னல் உண்மையெனக் கொள்கிறது. ஆதலின் தொடக்க நிரலையும் அளவுத்திருத்தத் தரவையும் ‘ரீட்-ஒன்லி’ எனக் குறிப்பதும், மேம்படுத்தலுக்கு முன் அவற்றைப் படியெடுப்பதும் இன்றியமையாதனவாகும்.