போலச்செய்யும் கருவிகளும் கூட்டு முயற்சியும்

சலவை இயந்திரம், மின்னுலை, விளையாட்டுப் பொம்மை என்றிவற்றுள் மறைந்திருந்து பணிபுரிவது நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு சில்லு. ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏ.ரி.மெகா 328பி என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். 32 கிலோபைற் நிரல் நினைவகமும் 2 கிலோபைற் தற்காலிக நினைவகமுமே அதன் செல்வம். எனினும், அப்பலகையில் அது விநாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புக்களோடு தொழிற்படுகின்றது. அத்துணை விரைவில் நேரும் பிழையைக் கண்ணாற் கண்டு பிடித்தல் இயலுமா?

இதற்கு வல்லுநர் கண்ட வழி, சில்லின் தொழிலைக் கணினிக்குள் போலச்செய்தலாகும். நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து, மெய்ச்சில்லில் நிகழ்வதனையே கணினியின் நினைவகத்தில் நிகழ்த்தி, கழிந்த துடிப்புக்களையும் எண்ணிவரும் மென்பொருள்கள் உள. வேண்டியவிடத்து நிறுத்தி உள்ளே பார்க்கலாம். சில்லு எரிந்துபோமோ என்ற அச்சமுமில்லை. புதுச்சில்லு வாங்கப் பொருளில்லாத மாணவனுக்கு இது சிறிய நன்மையன்று.

ஏ.வி.ஆர். இனத்துக்குச் சிம்ஏவிஆர், பிக் இனத்துக்கு ஜிபிசிம் என்பன இத்தகையன. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். சிம்ஏவிஆர் அகத்தில் வலிது, முகத்திலோ எளிது. அதனைக் கட்டளை எழுதியே இயக்கவேண்டும். அலைமாற்றங்களை அது ஒரு கோப்பிற் பொறித்துவைக்க, பின்னர் ஜி.ரி.கே.வேவ் என்னும் வேறொரு மென்பொருளிற் கோடுகளாகக் காண்கிறோம். பழகியவருக்கு இது போதும். ஒளிகாலும் இருவாயியொன்றை முதன்முதலாக ஒளிரச்செய்ய விழைபவனோ திகைத்து நிற்பான்.

சிமுல்ஐடிஈ என்னும் மென்பொருள் இக்குறையைப் போக்க எழுந்தது. தடையியையும் இருவாயியையும் சில்லையும் திரையிலே வைத்துக் கோடிழுத்து இணைக்கலாம். அதனை ஆக்கியோர் தொடக்கத்திற் சில்லின் அகத்தைப் புதிதாக எழுத முற்படவில்லை; மேற்கூறிய இரண்டையுமே எடுத்தாண்டனர். ஒருவர் சமைத்ததை மற்றொருவர் இலையிட்டுப் பரிமாறியது போலாம். திறந்த மூல உரிமம் அதற்கு இடந்தந்தது.

ஆயினும், அகத்தையும் முகத்தையும் பொருத்துதல் எளிதன்று. ஊனோவின் சில முனைகளில் ஒளியைக் குறைக்கும் துடிப்பலை விநாடிக்கு ஏறத்தாழ 976 முறை எழுந்து விழுகின்றது. திரையை வரைபவர் விநாடிக்கு 50 முறை மட்டுமே எட்டிப்பார்த்தால், விளக்கு முழுதும் எரிவதாகவோ அணைந்ததாகவோ காண்பார்; மங்கலாக எரிவதைக் காணார். ஒவ்வொரு மாற்றமும் நேர்ந்த கணத்தை அகம் அறிவிக்கவேண்டும். முகம் அவற்றின் சராசரியை எடுத்து ஒளியை வரையவேண்டும். இரு திறத்தாரும் கலந்து பேசாவிடின் இது கைகூடாது. அழகிய திரையிற் பொய்யைக் காட்டுங் கருவியிலும், அழகின்றி மெய்யுரைக்கும் கருவியே மேல் என்பது எம் கருத்து.

நிரல் எழுத அறியாதாரும் இம்முயற்சியில் உதவலாம். மெய்ப்பலகை ஒருவிதமாகவும் போலச்செய்யுங் கருவி மற்றொரு விதமாகவும் நடந்தால், அவ்வேறுபாட்டைக் காட்டும் பத்து வரி நிரலையும், இரண்டிலும் கண்டதையும், கருவியின் பதிப்பெண்ணையும் ஆக்கியோருக்கு எழுதியனுப்புதல் வேண்டும். 'வேலை செய்யவில்லை' என்று மாத்திரம் எழுதினால் அவர்களால் ஒன்றுஞ் செய்ய இயலாது.